வன்னியில் மருந்து ஆய்வு: ஆள் சேர்ப்பது எப்படி, சேர்ந்தவர்கள் ஒரு வருடம் நிற்க என்ன வழி?

மாங்குளச்சந்தி (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களிலும் ஒரு பிரசர் மருந்து ஆய்வு தொடங்க ஏற்பாடு நடக்கிறது. களவேலை ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. நெறிமுறைக் குழுவின் அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை, அதனால் எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லவில்லை.

சுருக்கம் இது. பிரசர் உள்ளவர்களை இரண்டு பகுதியாகப் பிரிப்போம். ஒரு பகுதிக்கு மூன்று மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துச் செய்த ஒரே குளிசை. மற்றப் பகுதிக்கு இப்போது கிளினிக்கில் கொடுக்கிற மருந்து. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கும். வருடத்தில் ஐந்து தடவை வரவேண்டும். முதலிலும் கடைசியிலும் இரத்தமும் சலமும் சோதிப்போம்.

மருந்து புதிதில்லை. இலங்கையிலேயே 700 பேரை வைத்து இப்படியான மூன்று மருந்துக் குளிசையைப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆறு மாதத்தில் 70 சதவீதமானோருக்குப் பிரசர் இலக்குக்குள் வந்தது, வழமையான சிகிச்சை எடுத்தவர்களில் 55 சதவீதம். அது ஒரு வருடம் எங்கள் பக்கத்தில் எப்படிப் போகும் என்பதுதான் எங்கள் கேள்வி.

உங்களிடம் கேட்பது: ஆட்களை எங்கே, எப்படிக் கேட்பது? சேர்ந்தவர்கள் கடைசிவரை வர என்ன செய்வது? போஸ்டர், கிளினிக் நாளில் அறிவிப்பு, குடும்பநல உத்தியோகத்தர் மூலம் அழைப்பு என்று ஒரு திட்டம் தந்திருக்கிறார்கள். கொழும்பில் மேசையில் இருந்து எழுதியது. பிழை எங்கே என்று இப்போதே சொல்லுங்கள்.

பரந்தன்காரன்:

இப்படியான வேலையில் கொஞ்சக் காலம் நின்றவன் நான். ஆள் சேர்ப்பு உங்களுக்குப் பெரிய தலையிடியாக இராது. டொக்டர் சொன்னால் எங்கள் சனம் சேரும். மூன்றாம் மாதம் வரும்போதுதான் கதை தொடங்கும்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். புரட்டாதிக் கடைசியில் இருந்து காலபோக (மாரிமழை நெல்) விதைப்பு. தை பிறந்தால் பங்குனிவரை அரிவிவெட்டு. அந்த நேரம் வயல்காரனை ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வரமாட்டான், அவனில் பிழையும் இல்லை. வெட்டு மெஷின் கிடைக்கிற நாளை அவன் தீர்மானிப்பதில்லை. இரணைமடுவுக்குக் கீழே சிறுபோகமும் உண்டு, எத்தனை ஏக்கர் என்பது குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது. கரைப்பக்கம் கதை நேர்மாறு. கொக்கிளாய், நாயாறு ஆட்களுக்கு வாடைக் காலத்தில் கடல் கொந்தளிப்பு, வீட்டில் இருப்பார்கள். ஆக, மாவட்டம் முழுவதற்கும் ஒரே அட்டவணை போட்டால் பாதிப்பேர் உங்கள் கணக்கில் “வராதவர்”. உங்கள் ஆய்வுத் திட்டத்தில் குறித்த நாளுக்கு முன்பின் ஒரு கிழமைதான் அனுமதி என்று இருந்தால், அனுமதி வருமுன்பே அதை மூன்று கிழமையாக மாற்றச் சொல்லுங்கள். பிறகு மாற்றுவதானால் திரும்பவும் நெறிமுறைக் குழுவுக்குப் போகவேண்டும்.

அடுத்தது வெறுவயிற்று இரத்தம். ஏ9 வீதிக்கரையில் இருப்பவருக்குப் பரவாயில்லை. உள்ளுக்குள் இருந்து வருகிறவர் முதல் பஸ்ஸில் ஏறி, வரிசையில் நின்று, இரத்தம் குத்தி முடிக்கப் பத்தரை பதினொன்று ஆகிவிடும். தேத்தண்ணிகூட இல்லாமல். அதில் சீனி வருத்தக்காரரும் இருப்பார்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் அந்த ஊரில் உங்கள் ஆய்வு அன்றோடு சரி. எச்.பி.ஏ.1.சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரி, பார்க்க வெறுவயிறு தேவையில்லை. கொழுப்புச் சோதனைக்கும் பெரும்பாலும் தேவையில்லை என்று இப்போது ஏற்றுக்கொள்கிறார்கள். உண்மையிலேயே தேவையா என்று உங்கள் பெரியவர்களைக் கேளுங்கள். பழக்கத்தில் எழுதியிருப்பார்கள்.

முள்ளியவளை_பெரியவர்:

தம்பி, நான் உங்கள் மற்றப் பக்கத்து ஆள். கேள்வி கேட்கப்படுகிறவன்.

2009இல் செட்டிகுளம் முகாமில் பதிந்தார்கள். மீளக் குடியேறும்போது பதிந்தார்கள். வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்தார்கள். பிறகு படிக்கிற பிள்ளைகள் வந்து இரவில் நித்திரை வருகிறதா, கனவு வருகிறதா என்று கேட்டுப் பதிந்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைத்தேன். ஒரு ஆய்வுக்கு இரத்தமும் கொடுத்தேன், பெயர் சொல்ல விரும்பவில்லை. என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு கடதாசித் துண்டு திரும்பி வரவில்லை. என் இரத்தத்தில் என்ன இருந்தது என்றாவது சொல்லியிருக்கலாம்.

இங்கே ஒரு பட்டியலில் பெயர் இருப்பது என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியும். அதனால் என் கேள்விகள் சாதாரணமானவை. என் பெயர் யாருடைய அலுமாரியில் இருக்கும்? இரத்தக் குழாய் எங்கே போகும்? நடுவில் வேண்டாம் என்றால் கிளினிக்கில் எனக்கு முகம் கறுக்குமா?

மலேரியாக்காரர் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்த காலத்தில் நாங்கள் ஒருவரும் முரண்டு பிடிக்கவில்லை. காய்ச்சல் என்றால் முடிவு வந்தது, குளிசையும் வந்தது. நாட்டில் மலேரியா இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதில் எங்கள் விரல்களுக்கும் பங்கு உண்டு. சனம் ஒத்துழைக்காது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மாங்குளச்சந்தி:

ஐயா, கேட்டது மூன்றும் நியாயம்.

பெயர் ஒரு கோப்பில், இலக்கம் வேறொரு கோப்பில். பிரசர் அளவும் இரத்த முடிவும் இலக்கத்தோடுதான் போகும். இரண்டையும் இணைக்கிற பட்டியல் பூட்டிய இடத்தில் இருக்கும், கிராம அலுவலருக்கோ வேறு எந்தத் திணைக்களத்துக்கோ கொடுப்பதில்லை. இரத்தம் எந்தச் சோதனைக்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பது, பிறகு அழிப்பதா என்பதெல்லாம் சம்மதப் படிவத்தில் எழுதியே ஆகவேண்டும். எந்த நேரமும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விலகினால் உங்கள் வழமையான சிகிச்சையில் கைவைக்க முடியாது. மனிதரை வைத்துச் செய்கிற மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்தது, இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறார்கள், அதில் இது அடிப்படை. முடிவு நல்லதோ கெட்டதோ வெளியிடவேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. இப்படியான ஆய்வுகளைத் தொடங்குமுன் பதிய 2006 முதல் இலங்கைக்கென்று ஒரு பதிவேடும் இருக்கிறது.

முள்ளியவளை_பெரியவர்:

அந்தப் பதிவேட்டை எந்தச் சந்தியில் ஒட்டுவீர்கள்?

சைக்கிள்_மிஸ்:

நான் குடும்பநல உத்தியோகத்தர். திட்டத்தில் எங்கள் மூலம் அழைப்பு என்று இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள்.

வேலைப்பளு ஒரு பக்கம். பெரிய காரணம் வேறு. பிள்ளை வயிற்றில் இருந்த நாள் முதல் அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். நான் கேட்டால் “ஓம் மிஸ்” என்றுதான் சொல்வார்கள். எனக்கு இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. சேர்வதற்கு ஓம், பிறகு வராமல் விடுவது. எங்கள் ஆட்கள் மறுக்கிற விதமே அதுதான். முகத்துக்கு நேரே மறுத்தால் மரியாதைக் குறைவு, வராமல் விட்டால் “மாடு கட்டையை அறுத்துப்போட்டுது மிஸ்” என்று ஒரு காரணம் சொல்லலாம். நீங்கள் அவர்களை ஆய்விலிருந்து தொலைந்தவர் என்று எழுதுவீர்கள். உண்மையில் முதல் நாளே அவர்கள் சேரவில்லை.

அதனால் கேட்கிறவர் அந்த வீட்டுக்குச் சேவை கொடுக்காத ஆளாக இருக்கவேண்டும். படிவத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், அன்றே கையெழுத்து வாங்காதீர்கள். மனுசனோடும் மகளோடும் கதைத்துவிட்டு வரட்டும். வராதவர் மறுத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், தேடிப் போகாதீர்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. அந்தச் சாட்சி என்று கிளினிக் ஊழியரைப் பிடித்து இருத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அது சாட்சி இல்லை.

இன்னொன்று, ஆண்கள் யோசிக்க மறக்கிறது. மூன்று மருந்துக் குளிசையில் டெல்மிசார்ட்டான் மாதிரி மருந்து இருந்தால் கர்ப்பத்தில் கூடாது, சிசுவைப் பாதிக்கும். அப்படியென்றால் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் சலத்தில் கர்ப்பச் சோதனை செய்வீர்கள். புருஷன் காணாமல் போய்ப் பதினைந்து வருடமான ஒரு பெண்ணிடம் வரிசையில் வைத்து அந்தப் போத்தலை நீட்டினால் அவள் திரும்பி வருவாளா? சோதனையை விடமுடியாது, விளங்குகிறது. ஆனால் தனி அறையில், ஒரு பெண், “இந்த வயதில் எல்லோருக்கும் செய்கிறோம், மருந்து அப்படியானது” என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்கவேண்டும். பக்கத்தில் மாமியார் இருக்கக் கூடாது.

கறுத்தக்கொழும்பான்:

இவ்வளவு கதை எதற்கு? கடைசி நாள் வருகிறவருக்கு ஒரு பெரிய தொகை என்று சொல்லுங்கள். எல்லோரும் வருவார்கள்.

பரந்தன்காரன்:

வருவார்கள்தான். தலைச்சுற்று வந்தாலும் சொல்லாமல் வருவார்கள். அதுதான் ஆபத்து. கடைசியில் பெரிய தொகை என்று வைத்தால், விலக நினைக்கிறவரை நீங்கள் காசால் கட்டிப்போடுகிறீர்கள். நெறிமுறைக் குழு அதை விடாது, விடவும் கூடாது. சேரும்போதே கையில் பெரிய காசைக் காட்டுவதும் அப்படித்தான். கடன் நெருக்கடியில் இருக்கிறவருக்கு அது கேள்வியே இல்லை.

அதற்காக ஒன்றும் கொடுக்காமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன். கூலி வேலைக்காரருக்கு ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. நடக்க ஏலாதவரோடு துணைக்கு வருகிறவருக்கு இன்னொரு கூலி. பஸ் காசு, ஓட்டோ காசு, மதியச் சாப்பாடு, இழந்த கூலி, இதை ஒவ்வொரு தடவையும் அன்றே, கையில், சமமாகக் கொடுங்கள். நடுவில் விலகினால் அதுவரை வந்ததற்கு உள்ளது அவருடையது. “பில்லைக் கொண்டுவாருங்கள், அடுத்த மாதம் தருகிறோம்” என்று மட்டும் வைக்காதீர்கள். ஓட்டோக்காரர் எங்கே பில் தருகிறார்?

கணக்குவாத்தியார்:

நான் வவுனியாவில் புள்ளிவிபரம் படிப்பிக்கிறேன். ஆட்கள் விலகினால் என்ன, கூடச் சேர்த்தால் சரிதானே என்று பலர் நினைக்கிறார்கள். சரியில்லை.

100 பேர் வேண்டும் என்றால் 125 பேரைச் சேர்த்து 25 பேர் போனாலும் 100 பேர் மிச்சம். எண்ணிக்கை சரி. ஆனால் போனது எந்த 25? கால் வீங்கியவர், தலைச்சுற்று வந்தவர், பஸ் இல்லாத ஊர்க்காரர், வெளிநாடு போன பெண். நின்றது வீதிக்கரையில் வீடு உள்ளவர், மருந்து ஒத்துக்கொண்டவர். தூற்றிய பிறகு முறத்தில் மிஞ்சியதை மட்டும் அளந்து வயலின் விளைச்சல் என்று சொல்வது போன்றது அது. புதுக்குளிசைப் பக்கத்தில் கால் வீக்கத்தால் பலர் போய்விட்டால், மிஞ்சியவர்களின் பிரசர் அழகாக இருக்கும். ஆய்வு வென்றது என்று எழுதுவார்கள். அடுத்த வருடம் அந்தக் குளிசை எல்லாக் கிளினிக்குக்கும் வரும், எல்லோருக்கும் கால் வீங்கும்.

5 சதவீதத்துக்குக் குறைவாகத் தொலைந்தால் கவலை குறைவு, 20 சதவீதத்தைத் தாண்டினால் முடிவை நம்புவது கஷ்டம் என்று ஒரு பொது அளவுகோல் சொல்வார்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கவேண்டாம். பத்துச் சதவீதம் தொலைந்தாலும் ஒரே பக்கத்தில் இருந்து தொலைந்தால் போதும், கெடுக்க.

களவேலைக்கு இதிலிருந்து ஒரு காரியம். குளிசையை விடுவதும் ஆய்வை விடுவதும் வேறு வேறு. ஒருவர் மூன்றாம் மாதம் குளிசையை நிறுத்திவிட்டாலும் பன்னிரண்டாம் மாதம் அவருடைய பிரசரை அளந்தால் அந்தத் தரவு பொன். அவரைக் குலுக்கலில் விழுந்த பகுதியிலேயே வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஆனால் குளிசை குடிக்காதவர் “மிஸ் ஏசுவா” என்று வரவே மாட்டார். முதல் நாளே சொல்லுங்கள்: குளிசை பிடிக்காவிட்டால் நிறுத்துங்கள், வந்து சொல்லுங்கள், ஏச மாட்டோம். மிஞ்சிய குளிசையை எண்ணுகிற இடத்தில் இருக்கிறவர் ஏசாத ஆளாகவும் இருக்கவேண்டும். எண்ணப் போகிறார்கள் என்று தெரிந்தால் வரும் வழியில் வாய்க்காலில் கொட்டிவிட்டு வருவார்கள்.

கனகபுரம்_அக்கா:

தம்பி, நீங்கள் போனில் நினைவூட்டுவோம் என்றுதானே வைத்திருப்பீர்கள்? இங்கே பெண்கள் தெரியாத நம்பரை எடுப்பதில்லை. நுண்கடன் நிறுவனங்களில் கடன் எடுத்து, கிழமைக் கட்டுப்பணம் பிந்தினவர்களுக்குத் தெரியாத நம்பர் என்றால் கடன்காரர்தான். சிலர் சிம்மையே மாற்றிவிடுகிறார்கள். நீங்கள் மூன்று தரம் அடித்துவிட்டுத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதுவீர்கள், அவள் பக்கத்து வளவில் கச்சான் பிடுங்கிக்கொண்டிருப்பாள்.

முதல் நாள் அவர்கள் முன்னாலேயே ஒரு மிஸ் கோல் அடியுங்கள். பெயரைச் சேமித்துக் கொடுங்கள், என்ன பெயரில் என்று அவர்களையே கேளுங்கள். சிலருக்கு வீட்டில் மற்றவர்கள் அறியக்கூடாது. ஒரு வருடம் முழுக்க அதே நம்பர், அதே குரல். மாதம் ஒரு புதுப் பிள்ளை கதைத்தால் நடக்காது. ஒரு நம்பர் போதாது, மகளின் நம்பர், கடைக்காரரின் நம்பர் என்று இன்னும் இரண்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் வருத்தத்தைச் சொல்லக் கூடாது, “இந்த நம்பருக்கு ஒருக்கா எடுக்கச் சொல்லுங்கோ” என்பதோடு சரி.

அடுத்தது, உங்கள் குளிசையில் சலம் கூடப் போகிற மருந்து இருக்கிறதா? என் அம்மா அந்த மருந்து குடிக்கிறவ. கிளினிக் போகிற நாளில் மட்டும் குடிக்க மாட்டா. பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம், இறங்குகிற இடத்தில் ஒழுங்கான கழிவறை இல்லை, என்ன செய்வது? குடிக்காமல் போய், பிரசர் கூட என்று மருந்தைக் கூட்டிக்கொண்டு வருவா. உங்கள் ஆய்விலும் அளக்கிற ஐந்து நாளும் அதுதான் நடக்கும். குளிசையைக் கொண்டுவந்து அங்கே வைத்துக் குடிக்கலாம் என்று சொல்லுங்கள், கழிவறைத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள்.

மாங்குளச்சந்தி:

அக்கா, ஓம், இருக்கிறது. குளோர்தாலிடோன், சிறிய அளவில். இந்தக் கோணம் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஈஸ்ட்ஹாம்_வன்னியன்:

நான் பிறந்தது அக்கராயன், இப்போது லண்டனில் ஆஸ்பத்திரி வேலை. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைக்காதீர்கள். 1994 முதல் 2002 வரை பிரித்தானியப் பொதுப்பணத்தில் நடந்த 114 ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சொன்ன ஆள்தொகையைச் சேர்த்தவை 31 சதவீதம்தான், பாதிக்குமேல் கால நீடிப்புக் கேட்டன. லசானா என்று ஒரு அமெரிக்க மருத்துவர் இதைப் பகிடியாக ஒரு விதி ஆக்கினார்: ஆய்வு தொடங்கிய நாளில் பொருத்தமான நோயாளிகள் மாயமாவார்கள், முடிந்த மறுநாள் திரும்பி வருவார்கள்.

ஆனால் கொரோனா நேரத்தில் ரிக்கவரி என்ற ஆய்வு 2020 பங்குனியில் தொடங்கி, ஆனியிலேயே டெக்சாமெதசோன் என்ற மருந்து உயிர் காக்கிறது என்று சொன்னது. அவ்வளவு கெதியாக ஆயிரக்கணக்கில் சேர்ந்ததற்கு ஒரு காரணம், வோர்ட்டில் நிற்கிற டொக்டர் நிரப்பவேண்டிய படிவம் மிகவும் சின்னது. தேவையில்லாத கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமம் என்பதால் நிற்கமாட்டார்கள் என்பதையும் நான் நம்பவில்லை. கோப்ரா பிபிஎஸ் என்ற பிரசர் ஆய்வு பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை மூன்று நாட்டுக் கிராமங்களில் நடந்தது. 30 சமூகங்கள், 2645 பேர். இரண்டு வருடம் கழித்தும் 90 சதவீதத்துக்கு மேல் நின்றார்கள். ஏற்கனவே ஊரில் வேலை செய்கிற சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போய் அளந்து ஆலோசனை சொன்னார்கள். மேல் பிரசர் மற்றப் பகுதியைவிடச் சராசரி 5 புள்ளி கூடக் குறைந்தது. முடிவு 2020இல் வெளியானது. சனத்தை வரச் சொல்வதைவிட நீங்கள் போவது நல்லது.

சைக்கிள்_மிஸ்:

அண்ணை, அந்த ஊழியர்கள் ஆள் சேர்த்தார்களா, சேர்ந்தவர்களிடம் போனார்களா என்பது இரண்டு வேறு விசயம். சேர்ந்தபிறகு வீட்டுக்குப் போக நானும் சம்மதம், சம்பளமும் பெற்றோலும் தந்தால். 2022இல் கியூஆர் கோட் வைத்துப் பெற்றோல் அளந்த காலத்தில் நான் சைக்கிளில் போனவள். ஒரு வருட ஆய்வு என்றால் அப்படி ஒன்று நடுவில் வரலாம் என்றும் திட்டத்தில் எழுதுங்கள்.

முள்ளியவளை_பெரியவர்:

சரி, சேர்ந்தேன் என்று வையுங்கள். எனக்குப் பழைய மருந்து, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புது மருந்து. அவன் கேட்பான், நான் கேட்பேன். பழையது விழுந்தவன் ஏன் ஒரு வருடம் பஸ் ஏறவேண்டும்? அடுத்தது, என் மனைவிக்கும் பிரசர். அவவுக்குப் புதியது விழுந்தால் நான் அதில் ஒன்று எடுத்துப் போடமாட்டேன் என்று நினைக்கிறீர்களா?

கணக்குவாத்தியார்:

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: எடுத்துப் போடுவீர்கள், எல்லோரும் போடுவார்கள். குளிசையைக் குடும்பத்தோடு பங்குபோடுவது எங்கள் வீடுகளில் வழமை. அதனால் குலுக்கலை ஆளுக்கு ஆள் போடாமல் வீட்டுக்கு வீடு, முடிந்தால் ஊருக்கு ஊர் போடவேண்டும். ஊருக்கு ஊர் போட்டால் ஆட்தொகை கூட வேண்டும், செலவும் கூடும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் பிரச்சினையும் அதோடு தீரும்.

முதலாவது கடினம். புதியது என்றால் நல்லது என்று நாங்கள் நினைக்கிறோம், அது தெரிந்த விசயம் இல்லை. அனுராதபுர மாவட்டத்தில் 180 ஊர்களில், 53,382 வீடுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதி ஊர்களுக்குப் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தார்கள். நஞ்சு குடிப்பது குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்த விசயம். 2017இல் முடிவு வந்தது, குறையவில்லை. பெட்டி கிடைக்காத ஊர்கள் ஒன்றையும் இழக்கவில்லை. அந்த ஊர்கள் கணக்கில் இல்லாவிட்டால் நாடு முழுக்கப் பெட்டி வாங்கிக் காசை விட்டிருப்போம்.

இன்னும் கிட்ட வருகிறேன். யுத்த காலத்தில் வடக்கில் பள்ளிப் பிள்ளைகள் 399 பேரை வைத்து மன ஆறுதல் வகுப்பு ஒன்றைச் சோதித்தார்கள். சில பிள்ளைகளுக்கு நன்மை. ஆனால் வகுப்புக்குப் போன பெண்பிள்ளைகளின் யுத்த அதிர்ச்சி அறிகுறிகள், காத்திருந்த பெண்பிள்ளைகளில் குறைந்த அளவுக்குக் குறையவில்லை. ஒப்பிடப் பழைய பக்கம் இல்லாவிட்டால் அது தெரிந்தே இராது. பழைய பக்கத்தில் விழுகிறவர்தான் அளவுகோல், ஐயா. அவருக்கும் பிரசர் ஒழுங்காக அளக்கவேண்டும், கூடினால் அன்றே டொக்டரிடம் அனுப்பவேண்டும். அந்தக் கவனம் புதிய பக்கத்துக்கு மட்டும் என்றால் ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

நெடுங்கேணி_ஃபார்மசி:

ஒருவரும் சொல்லாத ஒரு கூட்டம் இருக்கிறது, சோதித்துவிட்டு நீங்கள் எடுக்காமல் விடுகிறவர்கள். பிரசர் ஆய்வு என்றால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) பார்ப்பீர்கள், அளவு கூட என்றால் சேர்க்க மாட்டீர்கள். வவுனியா வடக்கு, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் உள்ள இடங்கள். உங்கள் சோதனையில்தான் சிலருக்கு முதன்முதலாக அது தெரியவரும். “நீங்கள் பொருத்தமில்லை, போகலாம்” என்று அனுப்பினால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? ஊருக்கு என்ன சொல்வார்? “இரத்தத்தை எடுத்துவிட்டுக் கழித்துவிட்டார்கள்” என்றுதான். அடுத்த கிழமை அந்த ஊரில் இருந்து ஒருவரும் வராவிட்டால் காரணம் அதுதான்.

ரிப்போட்டைக் கையில் கொடுங்கள், எந்த நாள் எந்தக் கிளினிக் என்று எழுதிய கடிதம் கொடுங்கள், போனாரா என்று ஒருக்கா கேளுங்கள். வேறொரு ஆய்வில் எம்ஆர்ஐ எடுக்கவேண்டும் என்று கூப்பிட்டுவிட்டு, உடம்பில் செல் பீஸ் (யுத்தத்தில் பட்ட எறிகணைத் துண்டு) இருக்கிறது என்று பலரைத் திருப்பி அனுப்பினார்கள். வன்னியில் அதை முதல் கேள்வியாகக் கேட்கத் தெரியாதா? வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்தபிறகா கேட்பது?

மாங்குளச்சந்தி:

எல்லாவற்றையும் எழுதி எடுத்துவிட்டேன். இந்தக் கிழமை மேலிடத்துக்கு அனுப்பப்போவது: வருகை நாளுக்கு முன்பின் மூன்று கிழமை, வயல் ஊர்களுக்கும் கரை ஊர்களுக்கும் தனித்தனி அட்டவணை. வெறுவயிற்றுச் சோதனை நீக்கம். சம்மதம் கேட்க வெளியாட்கள், கையெழுத்து அடுத்த நாள். குலுக்கல் ஊருக்கு ஊர். இது செலவைக் கூட்டும், கேட்பதில் தவறில்லை. காசு ஒவ்வொரு தடவையும் கையில். எடுக்காமல் விடுகிறவர்களுக்குக் கடிதம். குளிசையை நிறுத்தினாலும் அளக்க வரலாம் என்பது படிவத்தின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில். கால் வீக்கம் வரலாம், சலம் கூடப் போகும் என்பதும் அதே பக்கத்தில். கேட்டுவிட்டுச் சேருபவர்கள் குறையலாம். குறையட்டும்.

பெரியவர் கேட்ட சந்திக்கு இன்னும் பதில் இல்லை. ஆய்வு முடிவை ஊருக்குச் சொல்ல என்று செலவுத் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. கொழும்பில் ஒரு ஹோட்டலில் கூட்டம் நடத்த மட்டும் இருக்கிறது. அதில் பாதியை இங்கே திருப்பச் சொல்லிக் கேட்கப்போகிறேன். ஐயா, எங்கே வைத்தால் சனம் வரும்? பிரதேச செயலக மண்டபமா?

முள்ளியவளை_பெரியவர்:

பிரதேச செயலகத்துக்கு யாரும் விரும்பிப் போவதில்லை தம்பி. கமக்காரர் அமைப்புக் கூட்டம் நடக்கிற கட்டிடத்தில் வையுங்கள், கரைப்பக்கம் என்றால் கடற்றொழிலாளர் சங்கக் கட்டிடம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. ஒவ்வொருவருக்கும் அவரவர் பிரசர் ஐந்து தடவையும் எவ்வளவு என்று ஒரு கடதாசி, கிளினிக் கொப்பியில் ஒட்டக்கூடிய அளவில். கூட்டத்தில் பேசுகிறவர் ஆய்வை நடத்திய பெரிய டொக்டராக இருக்கவேண்டும், உங்களை மட்டும் அனுப்பிவிட்டு அவர் வராமல் விடக் கூடாது. அப்படி எழுத்தில் இருந்தால் படிவத்தைக் கொண்டுவாருங்கள், வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சைக்கிள்_மிஸ்:

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கிழமையில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். யாரும் வரமாட்டார்கள், நானும் வரமாட்டேன்.